கால்வாய்க் கரைக்குத் தார் வேண்டாம்

கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே ஏலமலைத் தொடர். அதன் முகட்டில் கேரள எல்லை. கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். இரண்டுக்கும் நடுவே லோயர்கேம்ப்பிலிருந்து தேனியை நோக்கி முல்லைப் பெரியாறு இறங்கி வருகிறது. ஆற்றை ஒட்டி நெல், சற்று மேலே வாழையும் தென்னையும், அதற்கும் மேலே திராட்சைப் பந்தல்கள். இவ்வளவு பசுமைக்கு நடுவே சைக்கிளில் போக நினைப்பவருக்கு இன்று கிடைப்பது குமுளி தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்து வெள்ளைக்கோடு மட்டுந்தான். கேரளத்துக்குக் காய்கறியும் அரிசியும் ஏற்றிச் செல்லும் லாரிகள், ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் பறக்கும் ஜீப்புகள், கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் என்று அந்தச் சாலைக்கு ஓய்வே கிடையாது. சபரிமலைப் பருவத்தில் கூட்டம் தாங்காமல் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாகவும் ஒருவழிப் பாதையாக்கி விடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். பிள்ளையைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத் தயங்கும் தாயின் பயத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

அதே பள்ளத்தாக்கில் லாரியும் பஸ்ஸும் வராத இன்னொரு பாதை வலை ஏற்கெனவே இருக்கிறது. பதினெட்டாம் கால்வாய், பி.டி.ஆர். கால்வாய், உத்தமுத்து வாய்க்கால் என்று நீளும் பாசனக் கால்வாய்களின் கரைகளும், அவற்றிலிருந்து தோட்டங்களுக்குப் பிரியும் வண்டிப்பாதைகளும் சேர்ந்த வலை அது. இவற்றில் தகுதியானவற்றைச் சைக்கிள் பாதையாக அறிவிக்க வேண்டும். கனரக வண்டிகளைத் தடுக்க வேண்டும். மண்ணும் சரளையுமாக இருப்பதை அப்படியே வைத்துப் பராமரிக்க வேண்டும். இதுதான் இந்தக் கட்டுரை முன்வைக்கும் வாதம். தார் போடுவதைவிடச் செலவு குறைவு என்பது இதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், தார் போட்ட மறுநாளே அந்தப் பாதை சைக்கிளின் கையைவிட்டுப் போய்விடும் என்பது.

மண் பாதையில் சைக்கிள் ஓட்டுவதை உலகம் இப்போது ஒரு தனி விளையாட்டாகவே கொண்டாடுகிறது. ‘கிராவல் பைக்’ என்று அதற்கென ஒரு சைக்கிள் வகையே பிறந்துவிட்டது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துச் சரளைச் சாலைகளில் 2006-ல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இன்று உலகப் புகழ் பெற்றது. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் தன் முதல் கிராவல் உலகச் சாம்பியன் போட்டியை 2022-ல் இத்தாலியின் வெனிட்டோவில், திராட்சைக்குப் பேர்போன வட்டாரத்தில் நடத்தியது. கிராவல் சைக்கிளுக்குப் பந்தய சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி, மலையேறும் சைக்கிளைப் போல ஏற்றத்துக்கு ஏற்ற பல்சக்கர அமைப்பு, டிஸ்க் பிரேக். எல்லாவற்றுக்கும் மேலாக அகலமான டயர். தார்ச்சாலைப் பந்தய சைக்கிளின் டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம் என்றால், கிராவல் சைக்கிளின் டயர் 38-லிருந்து 50 வரை இருக்கும். அகலம் கூடினால் காற்றைக் குறைவாக அடிக்கலாம். குறைந்த காற்றில் டயர் சிறு கற்களைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருளும்; கை மணிக்கட்டுக்கு அதிர்ச்சி வராது, பொடி மண்ணில் சக்கரம் சறுக்காது.

இந்த அளவைக் கேட்டதும் நம் ஊர் சைக்கிள் கடைக்காரருக்கு ஒன்று சட்டென்று தோன்றும். பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய பழைய கறுப்பு சைக்கிளின் டயர் 28 × 1½. மில்லிமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 40. கிராவல் பாதைக்கு வேண்டிய அகலம் அந்த சைக்கிளில் எப்போதுமே இருந்து வந்திருக்கிறது. சரளைச் சாலையும் வண்டிப்பாதையும் மட்டுமே இருந்த நாட்டுக்காகச் செய்யப்பட்ட வண்டி அது. அதில் இல்லாதது பல்சக்கர மாற்றமும் இறக்கத்தில் நம்பி இறங்கக்கூடிய பிரேக்கும். அவை இல்லாமல் போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறவோ இறங்கவோ முடியாதுதான். ஆனால் பாதை சமமாக இருந்துவிட்டால் அந்தக் குறை ஒரு குறையே இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் சிறப்பு இந்த இடத்தில்தான் தெரிகிறது.

மலை நாட்டில் சமமான பாதை கிடைப்பது அரிது. லோயர்கேம்ப்பிலிருந்து குமுளிக்கு 6 கிலோமீட்டர்தான். அதற்குள் சாலை ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. போடியிலிருந்து போடிமெட்டுக்கும் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கும் ஏற்றம் அதைவிடக் கூடுதல். ஆனால் தண்ணீருக்கு ஏறத் தெரியாது, வேகமாக இறங்கினால் கரையை அரித்துவிடும். அதனால் கால்வாய் வெட்டும் பொறியாளர் மலையடிவாரத்தின் ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஓடை வந்தால் உள்ளே வளைந்து, மேடு வந்தால் சுற்றிக்கொண்டு கோட்டை இழுத்துச் செல்வார். பொதுவாகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்குள்தான் இறக்கம் இருக்கும். அதற்கு மேல் இறங்க வேண்டிய இடங்களில் தனியாகப் படி கட்டிவிடுவார்கள். காலால் மிதிக்கிறவருக்கு இதைவிட உதவியான கணக்கு வேறில்லை. லோயர்கேம்ப் தலைமதகில் பிரியும் பதினெட்டாம் கால்வாய் கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம் பக்கமாக மேற்கு மலையின் அடிவாரத்தை ஒட்டியே போகிறது. இளையராஜா பிறந்த பண்ணைப்புரமும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் தலைக்கு மேலே எல்லை மலை, மறு பக்கம் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடக்கும். குமுளிச் சாலையில் பஸ் ஜன்னலில் ஒரு நிமிடம் தெரிந்து மறையும் காட்சி, கால்வாய் மட்டத்தில் மணிக்கணக்கில் கூடவே வரும்.

1895-ல் பொறியாளர் பென்னிகுவிக் முடித்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது. அந்த நீர் லோயர்கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு ஆற்றில் சேர்கிறது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. நீருக்காக வெட்டிய கால்வாய்களோடு கூடவே வந்தவைதான் கரைப் பாதைகள். மடை திறக்கவும், அடைப்பு எடுக்கவும், உடைப்பு இருக்கிறதா என்று பார்க்கவும் பொதுப்பணித் துறை ஜீப் போவதற்கென்று விட்ட இடம் அது. ஜீப் ஓடும் பகுதிகளில் கரையின் மேல் இரண்டு தடம் பதிந்திருக்கும். நடுவில் ஒரு வரிசைப் புல். வெயிலில் இறுகிய தடத்தில் சரளைக்கல் பாதி புதைந்து, மேலே மெல்லிய புழுதி மட்டும் படிந்திருக்கும். சைக்கிள் சக்கரத்துக்கு அந்தத் தடம் தாராளம். ஆளில்லாத பகுதிகளில் சீமைக்கருவேலம் இரு பக்கமும் மூடி முள்ளை உதிர்த்துக்கொண்டிருக்கும். டயருக்கு லாரியைவிட அதுதான் பெரிய எதிரி. பாதையாக்குவது என்றால் முதல் செலவு இந்த முள்ளை வேரோடு எடுப்பதுதான். அது பாசனத்துக்கும் ஆகிற வேலை.

இங்கே விளையும் திராட்சைக்கும் இந்த யோசனைக்கும் தொடர்பு உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகில் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கப்படும் ரகம் இது. குளிர்நாட்டுத் திராட்சைக் கொடி ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும். பனிக்காலத்தில் மொட்டைக் குச்சியாக நிற்கும். நம் விவசாயி கவாத்து செய்யும் நாளைத் தானே தீர்மானித்து, இரண்டு ஆண்டில் ஐந்து மகசூல் வரை எடுத்துவிடுகிறார். அதனால் சுருளிப்பட்டியில் ஒரு தோட்டம் கவாத்து முடிந்து வெறும் கொடியாக இருக்கும்போது அடுத்த தோட்டம் பூவில் இருக்கும், அதற்கடுத்ததில் பழம் கறுத்துத் தொங்கும். கல்தூண்களின் மேல் கம்பி இழுத்து ஆளுயரத்துக்கு மேலே பந்தலாகப் படரவிட்ட கொடிக்குக் கீழே நடுப்பகலிலும் நிழல் விழுந்து கிடக்கும். ஐரோப்பாவில் திராட்சை பார்க்கப் போகிறவர் மாதம் பார்த்துத்தான் போக வேண்டும். இங்கே எந்த மாதம் வந்தாலும் எங்கோ ஒரு பந்தலில் பழம் இருக்கும். தேக்கடிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் மலையிறங்கிக் கூடலூர், கம்பம் பக்கத்துத் தோட்டங்களைப் பார்க்க வருவது பல ஆண்டுகளாக நடக்கிறது. வருகிறவர்கள் சாலையோரத்தில் காரை நிறுத்தி, ஒரு படம் எடுத்து, ஒரு கிலோ பழம் வாங்கிக்கொண்டு மலையேறிவிடுகிறார்கள். இரவு தங்குவதும் சாப்பிடுவதும் எல்லைக்கு அந்தப் பக்கம். மெதுவாகப் போகிற வண்டியில் வருகிறவர் ஊருக்குள் அதிக நேரம் இருப்பார். டீ குடிப்பார், இட்லி சாப்பிடுவார், பஞ்சர் ஒட்டுவார், ஒரு நாள் தங்குவார். மதுரை–போடி ரயில் 12 ஆண்டுகளுக்கும் மேலாக நின்றுபோயிருந்து, 2023 ஜூனில் மறுபடி போடி வரை ஓடத் தொடங்கியிருப்பது இதற்குக் கிடைத்த இன்னொரு வசதி.

சுற்றுலாவை முதலில் சொன்னாலும் இந்தப் பாதை முதலில் யாருக்கு வேண்டும் என்று கேட்டால், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களுக்கும்தான். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லோருக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டத்தில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சைக்கிள் கொடுக்கிறோம். சைக்கிளைக் கொடுத்த அரசு அதை ஓட்ட ஒரு பாதை கொடுக்கவில்லை. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுத் தந்தபோது என்ன நடந்தது என்பது தமிழ்நாடே அறிந்த கதை. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் சந்தைக்கும் வேலைக்கும் போனார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் சைக்கிளிலேயே கொண்டுபோனார்கள். அன்றைய சாலைகளில் இன்றைய வண்டி நெரிசல் இல்லை என்பதும் அந்த வெற்றியில் ஒரு பங்கு என்று நினைக்கிறேன். அந்தத் துணிச்சல் இன்றும் பெண்களிடம் இருக்கிறது. பாதுகாப்பான பாதைதான் இல்லாமல் போய்விட்டது.

முதல் எதிர்ப்பு ஊருக்குள்ளிருந்தே வரும். ‘நாங்கள் பல காலமாகத் தார்ச்சாலை கேட்கிறோம், நீங்கள் மண்பாதையே போதும் என்கிறீர்களே’ என்பார்கள். நியாயமான கோபம். மழையில் சேறாகும் பாதையில் பழக்கூடையை ஏற்றி வருகிறவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். ஊருக்கும் ஊருக்கும் நடுவிலுள்ள சாலைக்கு, மருத்துவமனைக்குப் போகும் சாலைக்குத் தார் போட வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. தேவாரத்துக்காரர்கள் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்குப் போகும் சாக்குலூத்துமெட்டுச் சாலைக்காகப் போராடுவதையும் இந்த வாதத்தை வைத்துத் தட்டிக்கழிக்க முடியாது; அங்கே கூலிக்குப் போகிற ஏழைகள் வெகுதூரம் சுற்றக் கூடாது என்ற கோரிக்கை அது. நான் சொல்வது கால்வாய்க் கரையை மட்டும். கரை என்பது சாலைக்காகப் போட்ட மேடு கிடையாது. தண்ணீரைத் தாங்குவதற்காகக் கட்டிய மண்சுவர். அதன்மேல் தார் வந்தால் அடுத்து வருவது ஜல்லி லாரி, மணல் லாரி, செங்கல் லாரி. நெடுஞ்சாலையில் நெரிசல் என்றால் கூகுள் வரைபடம் காரையும் அங்கே திருப்பிவிடும். அந்தப் பாரத்தைக் கரை தாங்காது. அதோடு கால்வாயைத் தூர்வார வரும் செயின் வண்டி கரையின் மேல்தான் நிற்க வேண்டும். ஒரே பருவத்தில் தாரைப் பெயர்த்துப் போட்டுவிடும். சரளைக் கரையாக இருந்தால் தூர்வாரிய பின் மறுபடி மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டினால் முடிந்தது. எலி வளையும் நண்டு வளையும் எங்கே இருக்கிறது, எங்கே கசிகிறது என்பதும் மண் கரையில் கண்ணுக்குத் தெரியும். தாருக்கு அடியில் கசிவது உடைகிற அன்றுதான் தெரியும்.

நல்ல சரளைப் பாதை போடுவதும் ஒரு தொழில்நுட்பம்தான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். களிமண் கொஞ்சம் கலந்த கிராவல் மண்ணைப் பரப்பி, ஈரப்பதம் பார்த்து இறுக்க வேண்டும். களி அதிகமானால் மழையில் வழுக்கும், குறைந்தால் வெயிலில் உதிரும். கால்வாயின் உள்பக்கம் மழைநீர் அரித்து ஓடாதபடி வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிவு வைக்க வேண்டும். ஆற்றங்கரையோர வாய்க்கால்கள் வயல்களுக்கு நடுவே களிமண்ணில் போகின்றன. மழைக்காலத்தில் அந்தக் கரைகள் சைக்கிளுக்கு உதவாது. மலையடிவாரக் கால்வாய்தான் இதற்குப் பொருத்தம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிநாட்டில் இப்படி நடந்திருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு இரண்டு மூன்று உதாரணம் போதும். அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து கம்பர்லாண்டு வரை 184.5 மைல் நீளத்துக்கு ஒரு பழைய கால்வாய் இருக்கிறது. படகை இழுத்த கோவேறு கழுதைகள் நடந்த கரைப்பாதை அதன் கூடவே வருகிறது. 1950-களில் அதன் வழியே மோட்டார் சாலை போடத் திட்டம் வந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், திட்டத்தை ஆதரித்து எழுதிய பத்திரிகை ஆசிரியர்களை 1954-ல் தன்னோடு அந்தக் கரையில் நடந்து பார்க்க அழைத்தார். சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971-ல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. இன்று அது மண்ணும் சரளையுமான புகழ்பெற்ற சைக்கிள் பாதை. நியூசிலாந்தின் ஒட்டாகோவில் 1990-ல் மூடிய ரயில் பாதையைத் தண்டவாளம் எடுத்துச் சரளை பரப்பி 2000-ல் சைக்கிளுக்குத் திறந்தார்கள். 152 கிலோமீட்டர். திராட்சையும் வளர்கிற அந்த மலை வட்டாரத்தில் மூடிக்கிடந்த சிற்றூர் விடுதிகள் அதன் பிறகு மறுபடி திறந்தன. ஜெர்மனியின் திராட்சை வட்டாரங்களில் தோட்டப் பாதைகளின் முகப்பில் வண்டி நுழையத் தடை என்ற பலகையும், அதற்குக் கீழே விவசாய வண்டிகளுக்கு விலக்கு என்ற சிறு பலகையும் இருக்கும். டிராக்டரும் சைக்கிளும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன, வெளியார் காருக்கு மட்டும் அனுமதியில்லை. நமக்கு மிகவும் பொருந்துவது இந்தப் பலகைதான்.

அடுத்த எதிர்ப்பு காட்டைப் பற்றியது. இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயில் மலையேற்றம் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2023 மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் யானை கம்பம் நகரத்துக்குள்ளேயே வந்து, 144 தடை உத்தரவு போடும் நிலையானது. இவ்வளவும் நடந்த வட்டாரத்தில் காட்டுக்குள் சைக்கிள் பாதை கேட்பது பொறுப்பற்ற செயல். அதனால்தான் பேச்சு கால்வாயோடு நிற்கிறது. கால்வாய்க்கு மேலே மலையேறும் ஒற்றையடிப் பாதைகள், மேகமலைத் தேயிலைத் தோட்டத்து வழிகள், சுருளி அருவிக்கு மேலுள்ள காடு, இவை எதுவும் இந்தத் திட்டத்தில் சேராது. கால்வாய் வழியிலும் காட்டை உரசிப் போகும் லோயர்கேம்ப் பக்கத்துப் பகுதியை வனத்துறை சொல்லும் நேரத்துக்கு மட்டும் திறக்கலாம். யானை நடமாட்டம் இருந்தால் மூடிவிடலாம். பொழுது சாய்ந்த பிறகு யாருக்கும் அனுமதி கூடாது. காட்டுப்பன்றிக்காகச் சட்டவிரோதமாக மின்வேலி போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதே இருட்டில் அங்கே போகக்கூடாது என்பதற்குப் போதுமான காரணம். இப்படி ஒரு தெளிவான கீழ்மட்டப் பாதை இருந்தால், அனுமதியில்லாமல் மலைமேல் ஏறித் தொலைகிற கூட்டமும் குறையும் என்றே நம்புகிறேன்.

விவசாயிகளின் எதிர்ப்பு வேறு வகை. பழம் திருடு போகும், வெளியாட்கள் குப்பை போடுவார்கள், மருந்து அடிக்கும்போது யாராவது மயங்கி விழுந்தால் தங்கள் தலையில் வரும் என்பார்கள். திராட்சையில் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் வராமல் காக்க அடிக்கடி மருந்து தெளிக்க வேண்டியிருக்கிறது. ஆண்டு முழுவதும் எங்கோ பழம் இருக்கிறது என்றால், ஆண்டு முழுவதும் எங்கோ மருந்தும் அடிக்கிறார்கள் என்றுதான் பொருள். பாதை கரையோடு நின்று, தோட்டத்துக்குள் நுழைவது உரிமையாளர் விருப்பம் என்று இருந்தால் திருட்டுப் பயம் பெரும்பாலும் தீரும். ஆள் நடமாட்டம் உள்ள கரையில் இரவோடு இரவாகக் காய்ப் பறிப்பது கஷ்டமும்கூட. மருந்தடிக்கும் நாளில் கரையோரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டி, அதைக் கண்டால் காத்திருக்க வேண்டும் என்பதை வழக்கமாக்கலாம். விவசாயியின் டிவிஎஸ் 50-யும் டிராக்டரும் எப்போதும்போல் போகட்டும். அவர்களுடைய வழியை வாங்கிச் சுற்றுலாவுக்குக் கொடுத்தால் இந்த யோசனை முதல் மாதத்திலேயே தோற்றுவிடும், தோற்கவும் வேண்டும்.

இது காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்ற விமர்சனமும் வரும். கிராவல் சைக்கிள் ஒன்றின் விலை இங்கே லட்சத்தைத் தொடுகிறது. அதில் ஏறி வருகிறவர் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருவார். ஆனால் பாதை ஆளைப் பார்த்து விலை கேட்பதில்லை. 40 மில்லிமீட்டர் டயர் போட்ட பழைய சைக்கிளுக்கும் அது அதே பாதைதான். வெளியூர்க்காரரின் காசு உள்ளூரில் தங்க வேண்டும் என்பது தனியாகத் திட்டமிட வேண்டிய விஷயம். அதற்கு எல்லைக்கு அந்தப் பக்கமே பாடம் இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1990-களின் கடைசியில், காட்டில் வயனா மரப்பட்டை திருடிப் பிழைத்தவர்களையே குழுவாகச் சேர்த்து வழிகாட்டிகளாக்கினார்கள். காட்டைத் தெரிந்தவர்கள் காட்டைக் காக்கிறவர்கள் ஆனார்கள், வருமானமும் அவர்களுக்கே போனது. இங்கே மடை பார்க்கும் நீர்ப்பாய்ச்சிக்கும், சைக்கிள் கடைக்காரருக்கும், மகளிர் சுயஉதவிக் குழுவுக்கும் அப்படி ஒரு பங்கு வைக்க முடியும். கரையில் தினமும் நடக்கிற நீர்ப்பாய்ச்சியைவிட அந்தப் பாதையைத் தெரிந்தவர் வேறு யார்?

வெயிலையும் காற்றையும் மழையையும் கணக்கில் எடுத்தால் இந்தப் பாதை 12 மாதமும் ஓடாது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். பங்குனி, சித்திரையில் காலை 9 மணிக்கு மேல் யாரும் ஓட்ட முடியாது. ஆனி, ஆடியில் மலை இடைவெளி வழியாகப் பாயும் காற்றில்தான் இந்த வட்டாரத்துக் காற்றாலைகளே சுழல்கின்றன. தேனி நோக்கி வருகிறவரை அது தள்ளிக்கொண்டு வரும், எதிரே போகிறவரைப் பிடித்து நிறுத்திவிடும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. பதினெட்டாம் கால்வாயில் கண்மாய்களை நிரப்பத் தண்ணீர் விடுவதும் பொதுவாக அந்த மாதங்களை ஒட்டித்தான். தண்ணீர் ஓடும் நாட்களில் கரையை மூடி வைப்பதே நல்லது. ஈரக் கரையில் சக்கரத் தடம் பதிந்தால் அங்கே தண்ணீர் தேங்கி உடைப்புக்கு வழியாகும். பிள்ளைகள் விழுந்தாலும் ஆபத்து. மீதி நாட்களில் கால்வாய் பெரும்பாலும் வறண்டுதான் கிடக்கிறது. மார்கழியும் தையும் மாசியும் இந்தப் பள்ளத்தாக்கில் சைக்கிளுக்கென்றே அமைந்த மாதங்கள்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. பொதுப் பாதுகாப்புக்காகவோ பாதையின் தன்மைக்காகவோ ஒரு வழியில் மோட்டார் வண்டிகளைத் தடுக்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. கரை நீர்வளத் துறையின் கையில். தொடங்குவதற்குக் கூடலூருக்கும் கம்பத்துக்கும் நடுவிலுள்ள பகுதி போதும். இரண்டு ஊரிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது, திராட்சை இருக்கிறது, பஸ் இருக்கிறது. முதல் வேலையாக வருவாய்த் துறையின் புலப்படத்தை வைத்து வாய்க்கால் புறம்போக்கை அளந்து எல்லைக் கல் நட வேண்டும், ஏனென்றால் ஆக்கிரமிப்பு எங்கே என்று தெரியாமல் பாதை எங்கே என்று சொல்ல முடியாது. அடுத்து முள் எடுத்து, கரையை இறுக்கி, இரு முனையிலும் டிராக்டர் நுழையும், லாரி நுழையாத அகலத்தில் கல்தூண் நட வேண்டும். பந்தலுக்குக் கல்தூண் கொண்டுவருகிறவர்களே அதையும் கொண்டுவந்துவிடுவார்கள். தலைமதகில் தண்ணீர் திறக்கும் தேதியையும் பாதை மூடும் தேதியையும் எழுதி வைக்கும் பலகை ஒன்று வேண்டும். நிழலுக்கு வேம்பும் புங்கனும் வைக்கலாம். கரையின் மேல் வைத்தால் வேர் மண்ணைப் பிளக்கும் என்பதால், வெளிப்பக்கச் சரிவு முடிகிற இடத்துக்கு அப்பால், எல்லைக் கல்லை ஒட்டி வைக்க வேண்டும்.